கொழும்பு நேரம், எங்கள் நேரம்

எங்கள் வீட்டில் இரண்டு நேரம் இருந்தது. சுவரில் எங்கள் நேரம். என் கையில் கொழும்பு நேரம்.

அந்தக் காலத்தில் வன்னிக்கு வெளியே இருந்தவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டும். 1996இல் அரசாங்கம் மின்சாரத்தை மிச்சம் பிடிப்பதற்காக நாட்டின் மணிக்கூடுகளை முன்னே தள்ளியது. முதலில் ஒரு மணித்தியாலம் தள்ளிவிட்டு, சில மாதம் கழித்து அதில் பாதியைத் திருப்பித் தந்தது. இயக்கத்தின் கையில் இருந்த வன்னியில் அந்த மாற்றத்தை ஏற்றுக்கொள்ளவில்லை. மிச்சம் பிடிக்க எங்களிடம் மின்சாரமும் இருக்கவில்லை. அதனால் ஒரே தீவில், தெற்கே போகும் பாதை மூடியிருந்த காலத்திலும் திறந்த பிறகும், நாங்கள் கொழும்புக்கு அரை மணித்தியாலம் பின்னால் இருந்தோம். 2002இல் பாதை திறந்தபோது, ஓமந்தைச் சோதனைச்சாவடியைத் தாண்டியதும் பஸ்ஸில் இருந்தவர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் கைக்கடிகாரத்தைத் திருகுவதைப் பார்த்திருக்கிறேன். திரும்பி வரும்போது மறுபக்கம் திருகுவார்கள்.

நான் திருகுவதில்லை. 2003 மாசியிலிருந்து என் கைக்கடிகாரம் எப்போதும் கொழும்பு நேரத்திலேயே நின்றது. காரணம், என் வேலை கொழும்பில் இருந்தது. நான் கிளிநொச்சிக்குக் கிட்ட அக்கராயனில் இருந்தேன்.

இடம்பெயர்வுக்கு முன் நான் ஒரு நூலகத்தில் உதவியாளனாக இருந்தவன். அந்த நூலகம் போனபிறகு கையில் மிஞ்சியது வாசித்த பழக்கமும் இரண்டு மொழியும்தான். கொழும்பில் ஒரு மொழிபெயர்ப்பு அலுவலகம் ஆள் தேடுவதாகக் கேள்விப்பட்டு, சோதனைக்கு ஒரு பக்கம் செய்து அனுப்பினேன். எடுத்துக்கொண்டார்கள். நேரில் ஒருவரையும் பார்த்ததில்லை. கிளிநொச்சியில் கூரையில் பெரிய செய்மதிக் கிண்ணம் வைத்த ஒரு தொடர்பு நிலையம் இருந்தது. அங்கே ஜெனரேட்டர் ஓடும் மணித்தியாலங்களில் மின்னஞ்சல் பார்க்கலாம், தொலைபேசியில் வெளிநாட்டுக்குக் கோல் எடுக்கலாம், வரும் கோலுக்குக் காத்திருக்கலாம். கிழமைக்கு இரண்டு நாள் சைக்கிளில் போய், வந்திருக்கும் பக்கங்களை அச்செடுத்துக்கொண்டு வீட்டுக்கு வருவேன். முற்றத்து வேம்பின் கீழ் கதிரை போட்டு, கையால் எழுதி மொழிபெயர்ப்பேன். அடுத்த முறை போய்த் தட்டச்சுச் செய்து அனுப்புவேன். கொடுத்த நாளில், கொழும்பு நேரம் பன்னிரண்டுக்கு முன். ஒரு முறையும் பிந்தியதில்லை.

வேலை எதுவென்றால், பெரும்பாலும் உல்லாசப் பயணம். சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வரும் தமிழர்களுக்காகத் தெற்குக் கரை விடுதிகளின் விளம்பரப் புத்தகங்களைத் தமிழாக்க வேண்டும். நான் காலி நகரத்தைப் பார்த்ததில்லை. பெந்தோட்டையைப் பார்த்ததில்லை. ஆனால் அங்கே எந்த விடுதியின் எந்தச் சாளரத்தைத் திறந்தால் சூரியன் மறைவது தெரியும் என்று எனக்குத் தெரியும். 'வெப்பமண்டலத் தீவு' என்ற சொல்லை எத்தனை முறை எழுதியிருப்பேன் என்று கணக்கில்லை. அதே தீவில் இருந்துகொண்டுதான் எழுதினேன்.

2005 நடுப்பகுதியில் ஒரு புதுவகைப் புத்தகம் வந்தது. விடுமுறைக்கு வராதீர்கள், வேலையோடு வாருங்கள் என்றது அது. மாதக்கணக்கில் தங்குங்கள், கணினியைக் கொண்டு வாருங்கள், தென்னைமர நிழலில் இருந்து உங்கள் நாட்டு அலுவலகத்துக்கு வேலை செய்யுங்கள். மின்விளக்கு இல்லாத குடில்கள். ஓலைக் கூரை, கிணற்று நீர், பறவைகளின் ஒலி. நான் வாசிக்க வாசிக்க மனைவி குசினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இதுக்கு என்ன வாடகை எடுப்பினம்?" என்று கேட்டாள்.

சொன்னேன். டொலரில்.

"ஒரு மாசத்துக்கோ?"

"ஒரு நாளைக்கு."

அவள் எங்கள் கூரையை அண்ணாந்து பார்த்தாள். கிடுகு இரண்டு இடத்தில் பிரிந்திருந்தது.

"இஞ்சேருங்கோ, எங்கட வீட்டையும் அதில போட்டுவிடுங்கோவன். கிணறு இருக்கு, ஓலை இருக்கு, லைட் இல்லை. பறவையளுக்கு மட்டும் குறைச்சலோ, காகம் வந்து நெல்லெல்லாம் திண்டிட்டுப் போகுது."

"பாம்பும் இருக்கு" என்றேன்.

"அதுக்கு வேறயா எடுங்கோ."

அவள் சிரிப்பது குறைவு. அதனால்தான் அந்த நாள் நினைவில் நிற்கிறது.

அந்த வருடத் தொடக்கத்தில் நான் செய்த பக்கங்கள் பற்றிப் பகிடி எதுவும் இல்லை. சுனாமியில் கடல் வந்து போன பிறகு மூன்று மாதம் வேலை வரவில்லை. பின் வந்த முதல் பக்கத்தில் 'தாலாட்டும் அலைகள்' என்ற பொருளில் ஒரு தொடர் இருந்தது. மார்கழி கடைசியில் நான் நாயாற்றுக் கடற்கரையில் நின்றிருந்தேன், ஆட்களைத் தேடிப் போனவர்களோடு. அந்தத் தொடரை மொழிபெயர்த்துத்தான் அனுப்பினேன். வேறு என்ன செய்வது. அலுவலகத்தில் கேட்டது அதைத்தான்.

மனைவிக்கு ஒன்றுதான் வேண்டும். வெளியே போக வேண்டும். 1995இல் யாழ்ப்பாணத்திலிருந்து கிளிநொச்சி, அடுத்த வருடம் கிளிநொச்சியிலிருந்து மல்லாவி. மல்லாவியில்தான் எங்களுக்குக் கலியாணம் நடந்தது, ஆருடையதோ காணியில் ஆருடையதோ தகரத்தின் கீழ். 2002இல் அக்கராயனுக்கு வந்து இந்த வீட்டைப் போட்டோம். அவள் முன்பள்ளியில் படிப்பித்தாள். சனம் வீடு கட்டியது, வயல் விதைத்தது, அவளும் கத்தரி நட்டாள். ஆனால் நம்பவில்லை.

"நான் இன்னொருக்கா ஓடமாட்டன்" என்பாள். "அடுத்த முறை ஷெல் சத்தம் கேக்கேக்குள்ள நான் ஓமந்தைக்கு அங்கால நிக்க வேணும்."

"சமாதானக் காலம் தானே."

"அதுதான் சொல்லுறன். பாதை திறந்திருக்கேக்குள்ள போவம்."

போவது சொல்வதுபோல் இல்லை. கடைக்கோ ஆஸ்பத்திரிக்கோ போய்வரலாம். வீட்டுச் சாமானைக் கட்டிக்கொண்டு போவதென்றால் இங்கே இயக்கத்திடம் ஒரு பாஸ் வேண்டும், வவுனியாவில் தங்குவதற்கு ஒரு பதிவு வேண்டும். இரண்டு பக்கமும் ஏன் என்று கேட்பார்கள். பயம் என்பது இரண்டு பக்கமும் செல்லுபடியாகாத காரணம். வேலை என்றால் செல்லும். எங்கள் நம்பிக்கை முழுக்க அந்த ஒரு சொல்லில் இருந்தது.

2006 பங்குனி முடிவில் அலுவலகத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. வவுனியாவில் ஒரு சிறு கிளை திறக்கப் போகிறார்கள். வைகாசியிலிருந்து ஒருவரை நிரந்தரமாக எடுப்பார்கள். மூன்று பேரைத் தெரிவு செய்திருக்கிறார்கள், நான் அதில் ஒருவன். சித்திரைப் புத்தாண்டு கழிந்த திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு நிலையத்துக்குக் கோல் எடுப்பார்கள். தொலைபேசியில் ஆங்கிலம் வாசிப்பார்கள், நான் உடனே தமிழில் சொல்ல வேண்டும்.

அதை அச்செடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மனைவி இரண்டு முறை வாசித்தாள்.

"பத்து எண்டா எங்கட ஒன்பதரை" என்றாள்.

"ஓம்."

"கோல் வராட்டி?"

"வரும். சொன்னா எடுப்பினம்."

"நீங்கள் நேரத்துக்குப் போவியளோ எண்டு நான் கேக்கேல்லை. உங்களை எனக்குத் தெரியும்."

புத்தாண்டு வெள்ளிக்கிழமை வந்தது. மருத்துநீர் வைத்துத் தலைமுழுகும்போது கைக்கடிகாரத்தைக் கழற்றி அலுமாரியில் வைத்தேன். அது சாவி கொடுக்கும் கடிகாரம். அன்று மத்தியானமே மல்லாவியில் இருந்த என் மாமாவைப் பார்க்கப் போனதில் அதை மறந்துவிட்டேன். இரவு அங்கேயே தங்கினேன். சனிக்கிழமை காலை மாமாவின் வானொலியில் செய்தி கேட்டது. நாட்டின் நேரம் அரை மணித்தியாலம் பின்னே தள்ளப்பட்டுவிட்டது. பழைய நேரமே இனி எல்லாருக்கும்.

மாமா காலை நீட்டி இருந்துகொண்டு, "பத்து வரியம் சுத்திப்போட்டுக் கடைசியில எங்கட நேரத்துக்குத்தான் வந்திருக்கினம்" என்றார். "எங்களுக்கு ஒரு வேலையும் இல்லை. அப்பிடியே இருந்தாச் சரி."

அது உண்மைதான். நாங்கள் ஒரு முள்ளையும் தொட வேண்டியதில்லை. நாள், நேரம் குறித்துப் பழகிய எனக்கு அது ஒரு பெரிய செய்தி. பின்னேரம் சைக்கிளில் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். இனி என் கையிலும் சுவரிலும் ஒரே நேரம்.

வீட்டில் மனைவியின் தமையன் குடும்பம் வந்திருந்தது. முற்றம் நிறையப் பிள்ளைகள். அவள் குசினிக்குள் பலகாரம் சுட்டுக்கொண்டிருந்தாள். இனி இரண்டு நேரமில்லை என்று அவளிடம் பகிடியாகச் சொல்ல நினைத்தேன். சனத்துக்குள் சொல்லவில்லை. அலுமாரியைத் திறந்தேன். கடிகாரம் நின்றுபோயிருந்தது. சாவி கொடுத்து, சுவர் மணிக்கூட்டைப் பார்த்து, அதே நேரத்துக்கு முள்ளை வைத்தேன். முதல்முறையாக.

திங்கள் காலை வெள்ளைச் சேட்டு அணிந்துகொண்டு புறப்பட்டேன். கால் மணித்தியாலம் முந்தி அங்கே நிற்கும்படி கணக்குப் பண்ணியிருந்தேன். மனைவி படலை வரை வந்தாள்.

"தண்ணி குடிச்சிட்டுக் கதையுங்கோ. உங்களுக்கு இடையில தொண்டை கட்டும்."

"சரி. நீர் முந்தநாள் பலகாரத்தை முடிச்சுப்போடாதையும்."

"கிடைச்சா வந்து திண்ணலாம். கிடைக்காட்டி நான் தின்னுவன்."

நிலையத்தை நடத்தியவர் மலையகத்தவர். 77 கலவரத்துக்குப் பிறகு தோட்டத்திலிருந்து வன்னிக்கு வந்த குடும்பம். என்னைச் 'சேர்' என்பார். நான் அவரை 'அண்ணை' என்பேன். வாசலில் சைக்கிளை நிறுத்தும்போதே எழுந்து வந்தார்.

"எங்க சேர் போனீங்க? ரெண்டு தடவ எடுத்துட்டாங்க."

"ஆர்?"

"கொழும்புதான். பத்துக்கு எடுத்தாங்க, பத்து நிமிசம் கழிச்சு மறுபடி எடுத்தாங்க. இப்ப வந்துருவாருன்னு நானும் ரோட்டப் பாத்துப் பாத்துச் சொன்னேன்."

நான் என் கையைப் பார்த்தேன். பத்துக்கு இன்னும் கால் மணித்தியாலம் இருந்தது.

"அண்ணை, உங்கட மணிக்கூடு முந்தி ஓடிட்டுது போல."

"நம்மளுது சரியா இருக்கு சேர். இப்ப கொழும்பும் நம்ம நேரந்தானே, கேக்கலையா நீங்க?" என்று சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினார். உள்ளே இருந்த ஓர் அம்மா, சுவிஸிலிருந்து வரும் மகனின் கோலுக்குக் காத்திருந்தவ, தன் கையில் இருந்த மணிக்கூட்டை என் பக்கம் நீட்டிக் காட்டினா. பத்தேகால்.

"அங்க மகன் நித்திரையால எழும்பேக்குள்ளதான் எடுப்பான்" என்றா. "நீங்கள் முதல்ல எடுங்கோ தம்பி. நான் இருக்கிறன்."

கொழும்புக்கு எடுத்தேன். பொறுப்பானவர் அடுத்தவரோடு கதைத்துக்கொண்டிருக்கிறார் என்றார்கள். அரை மணித்தியாலம் கழித்து எடுத்தபோது அவரே கதைத்தார். மரியாதையாகத்தான் கதைத்தார். மூன்று பேரையும் ஒரே காலையில் பார்க்க வேண்டியிருந்தது, முடிந்துவிட்டது, உங்கள் பக்கம் தொடர்பு இப்படித்தான் என்று எங்களுக்கும் தெரியும், வழமையான வேலை தொடர்ந்து வரும் என்றார். தொடர்பில் பிழை இல்லை என்று சொல்ல வாய் எடுத்தேன். பிழை எங்கே என்று எனக்கே தெரியவில்லை. நன்றி சொல்லி வைத்தேன்.

திரும்பி வரும் வழியில், அக்கராயன் குளக்கட்டுக்குக் கிட்ட வரும்போதுதான் விளங்கியது. கடிகாரத்தை எதைப் பார்த்து வைத்தேன் என்று நினைத்தேன். அந்தச் சுவர் மணிக்கூடு எங்கள் நேரத்தில் இல்லை. வானொலி சொன்னதைக் கேட்டு ஒருத்தி அதை அரை மணித்தியாலம் பின்னே தள்ளியிருக்கிறாள். எங்கள் மணிக்கூட்டில் வேறு ஆர் கை வைக்கப் போகிறார்கள்.

படலையில் நின்றாள்.

"என்ன மாதிரி?"

"லைன் கிடைக்கேல்லை" என்றேன். "கதைக்க முடியேல்லை."

"திருப்பி எடுப்பினமோ?"

"பாப்பம்."

பலகாரத்தைத் தட்டில் வைத்துக்கொண்டு வந்து தந்தாள். சாப்பிட்டேன்.

மறுநாள் முன்பள்ளி திறந்தது. அவள் எங்கள் வீட்டு நேரத்துக்குப் போனாள். மத்தியானம் பக்கத்து வீட்டுக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும், ரீச்சரைக் காணாமல் பிள்ளைகள் வாசலில் வரிசையாகக் குந்தியிருந்தார்களாம். அவள் வீட்டுக்கு வந்தபோது அதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. உடுப்பு மாற்றினாள், உலை வைத்தாள். நான் கிணற்றடிக்குப் போய்விட்டு வந்து பார்த்தபோது சுவர் மணிக்கூடு சரியான நேரத்தைக் காட்டியது. மணிக்கூட்டின் கீழே இருந்த கதிரையில் அவளுடைய காலடி மண் இருந்தது. அவள் உயரம் குறைந்தவள், ஏறித்தான் எட்ட வேண்டும்.

அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. எனக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரியுமோ என்று தெரியவில்லை. கதிரையைத் துடைத்துவிட்டு அதில் இருந்து வேலை செய்தேன்.

அந்த வருடம் பிறகு எப்படிப் போனது என்பது எல்லாரும் அறிந்தது. சித்திரை முடியுமுன்பே குண்டுகள் தொடங்கின. வைகாசியில் வவுனியாக் கிளையில் வேறொருவர் வேலைக்குச் சேர்ந்ததாக அலுவலகம் எழுதியது. எனக்கு வழமைபோலக் கடற்கரைகள் வந்தன. ஆவணியில் பாதை மூடியது. தொலைபேசிகள் செத்தன. ஜெனரேட்டருக்கு எண்ணெய் இல்லை. நிலையத்துக்காரர் கிண்ணத்தைக் கழற்றி உரச்சாக்கால் சுற்றி வைத்தார். கடைசியாக நான் செய்து முடித்த பக்கங்கள் என் பையிலேயே இருந்தன. கொடுத்த நாளில் போய்ச் சேராத வேலை அது ஒன்றுதான்.

பாதை மூடிய அன்று மனைவி அழவில்லை. முன்பள்ளிக்குப் போய் வந்தாள். கத்தரிக்குத் தண்ணீர் விட்டாள். சமாதானம் பற்றியோ வவுனியா பற்றியோ அவள் பிறகு வாய் திறக்கவில்லை. எனக்கு அது அழுகையைவிடக் கடினமாக இருந்தது.

2008 ஐப்பசியில் அக்கராயனை விட்டோம். அதற்குப் பிறகு ஒவ்வொரு இடமாகப் போய், கடைசியில் கடற்கரைக்கு வந்தோம். மணல், தென்னை, பனை, ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் களப்பு. அங்கே இருந்த மாதங்களைப் பற்றி இதில் எழுதமாட்டேன். என் குறிப்புகள் எல்லாம் அங்கே போய்விட்டன. இதில் மாதங்கள் தவறாது, நாட்கள் தவறலாம். சுவர் மணிக்கூட்டை எந்த இடத்தில் விட்டோம் என்பதும் நினைவில்லை. கைக்கடிகாரம் கையில் இருந்தது. இரண்டு பேரும் உயிரோடு வந்தோம். வேறு சொல்வதற்கில்லை.

2009 வைகாசியில் வவுனியாவுக்கு வந்து சேர்ந்தோம். செட்டிகுளத்தில் முகாம். முள்ளுக்கம்பி, வெள்ளைக் கூடாரம், ஒரு கூடாரத்தில் மூன்று குடும்பம். வவுனியா நகரம் பஸ்ஸில் போகும் தூரம். பஸ்ஸில் போக விடமாட்டார்கள்.

ஆனியில் ஒரு காலை. கூடாரத்தின் வெளியே, நிழல் விழும் பக்கமாக இருந்தோம். மனைவி வாளியின் பிடியில் சீலைத்துண்டு சுற்றிக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல் சொன்னாள்.

"அண்டைக்கு மணிக்கூட்டைத் தள்ளினது நான்தான்."

"தெரியும்."

"உங்களுக்குத் தெரியுமெண்டு எனக்கும் தெரியும்."

மூன்று வருடமாக இருவரும் சுமந்தது அவ்வளவு சுருக்கமாக முடிந்தது. அவள்தான் தொடர்ந்தாள்.

"ரேடியோவில கொழும்பு நேரம் பின்னால போகுது எண்டு சொன்னவங்கள். கொழும்பு போனா நாங்களும் போக வேணுமெல்லோ எண்டு நினைச்சன். எப்பவும் நாங்கள் அரை மணித்தியாலம் பின்னால தானே. அவையின்ர நேரமும் எங்கட நேரமும் ஒண்டாகுமெண்டு எனக்கு யோசனை வரேல்லை."

"நானும் அண்டைக்கு உமக்குச் சொல்ல வந்தனான். சொல்லேல்லை."

"நீங்கள் அண்டைக்குக் கதைச்சிருந்தா..." என்றுவிட்டு நிறுத்தினாள். சீலையை இறுக்கி முடிச்சுப் போட்டாள். "நாங்கள் ஆவணிக்கு முதல் வந்திருப்பமோ?"

அந்தக் கணக்கை நான் பலமுறை போட்டிருந்தேன். கிளை வைகாசியில் திறந்தது. பாஸ் எடுக்க அப்போது சில கிழமைகள் போதும். ஆனி நடுவில் நாங்கள் இந்தப் பக்கம் வந்திருப்போம். பாதை மூடும்போது வவுனியாவில் ஒரு வாடகை அறையில் இருந்து செய்தியைக் கேட்டிருப்போம். கடற்கரைக்கு ஒருபோதும் போயிருக்கமாட்டோம். எந்தப் பக்கத்தால் போட்டாலும் கணக்குச் சரியாகவே வந்தது.

"இல்லை" என்றேன். "கதைச்சிருந்தாலும் எனக்குத் தந்திருக்கமாட்டினம். அவங்களிட்ட ஏற்கெனவே ஆள் இருந்தது. தந்திருந்தாலும் பாஸ் பிந்தியிருக்கும்."

"கணக்குப் பார்த்தனீங்களோ?"

"பாத்தனான். வராது."

"ஓம்" என்றாள்.

நம்பினாளா என்று அவளுடைய முகத்தில் தேடினேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. நாள் தவறாமல் எழுதி வைப்பவனோடு பத்து வருடத்துக்கு மேல் வாழ்ந்தவள். என் கணக்குகள் எப்போது வரும், எப்போது வராது என்பது அவளுக்குத் தெரியாததல்ல.

தண்ணீர் பவுசர் வண்டி பத்து மணிக்கு வரும் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். அவள் என் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்தாள். இன்னும் நிறைய நேரம் இருந்தது. வாளியை எடுத்துக்கொண்டு போய், ஆளில்லாத வரிசையில் முதல் ஆளாக நின்றாள்.